பலா பழுக்கும் முன்பே பதிவு பழுக்க வேண்டும்

சித்திரை பிறந்துவிட்டால் பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக நெய்வேலி ஆர்ச் கேட் வரை சாலையின் இரு பக்கமும் பலாப்பழம் குவிந்துவிடும். அதே வாரத்தில் சுற்றுவட்டார விவசாயிகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பலாப்பழப் படங்கள் குவியும். 'தோட்டத்துப் பலா விற்பனைக்கு, தொடர்புக்கு' என்று ஓர் எண் இருக்கும். பத்துப் பேர் பார்ப்பார்கள், இரண்டு பேர் விலை கேட்பார்கள், யாரும் வாங்க மாட்டார்கள். நான்காம் நாள் பழம் வெடிக்கத் தொடங்கும். கடைசியில் மண்டிக்காரர் சொன்ன விலைக்கே வண்டி ஏறிவிடும்.

பழத்திலும் குறை இல்லை, விலையிலும் குறை இல்லை. சொன்ன நேரத்தில்தான் குறை. பழுத்த பலா அதிகம் போனால் சில நாள்தான் தாங்கும். அந்தச் சில நாளுக்குள் வாங்குபவரைத் தேடி, நம்பவைத்து, விலை பேசி, கொண்டுபோய்ச் சேர்ப்பது யாராலும் ஆகாது. வாங்குபவரைத் தேடும் வேலையும் நம்பவைக்கும் வேலையும் மரத்தில் பிஞ்சு இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

பயிருக்கு நாட்காட்டி போடுகிறோம். எந்த மாதம் உரம், எந்த மாதம் கவாத்து, எப்போது பூச்சி வரும் என்று எழுதி வைக்கிறோம். நேரடியாக விற்க நினைக்கும் விவசாயி இதேபோல் செல்போனில் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதற்கும் ஒரு நாட்காட்டி போட வேண்டும். பயிர் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டால் ஒரே மாலையில் இதை எழுதி முடித்துவிடலாம்.

வானொலி நெல் சொன்ன பாடம்

பருவத்துக்கு முன்னால் செய்தி சொல்வது நமக்குப் புதிதல்ல. 1966இல் அகில இந்திய வானொலி, வேளாண்மைக்கெனத் தனி ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியது. அவற்றில் திருச்சி நிலையமும் ஒன்று. குறுவைக்கு ஏற்ற ஆடுதுறை 27 ரகத்தைப் பற்றி அந்த நிலையம் இடைவிடாமல் சொல்லிவந்தது. விதை, நாற்றங்கால், உரம் என்று விவசாயிக்கு அந்தந்த நேரத்தில் தேவையானதைச் சொன்னதால், தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்தையே 'ரேடியோ நெல்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் டிராக்டர் செய்யும் ஜான் டீர் நிறுவனம் 1895இல் 'தி ஃபர்ரோ' என்ற விவசாய இதழைத் தொடங்கியது. கலப்பையை வாங்குங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் கூவாமல், விவசாயிக்குப் பயன்படும் செய்திகளைத் தந்தது. அந்த இதழ் இன்றும் வெளிவருகிறது. பயனுள்ள செய்தியைப் பருவம் தவறாமல் தொடர்ந்து சொல்பவரை மக்கள் நம்புவார்கள் என்பதற்கு இந்த இரண்டும் சான்று. நம் கையில் இருக்கும் செல்போனுக்கும் இதுதான் பொருந்தும்.

முதலில் பழத்தை எண்ணுங்கள்

பதிவு போடுவதற்கு முன் எவ்வளவு விற்க வேண்டியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். உதாரணமாக, உங்களிடம் காய்க்கும் பலா மரம் 10 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் பகுதியில் மரத்தைப் பருவத்துக்கு முன்பே வியாபாரிக்குக் குத்தகை விடுவது வழக்கம். மொத்தத்தையும் விட்டுவிட்டால் நேரடியாக விற்க ஒரு பழம்கூட இருக்காது. மொத்தத்தையும் நிறுத்தி வைத்தால் முதல் ஆண்டிலேயே சிக்கல் வரும். எனவே 7 மரத்தைக் குத்தகைக்கு விட்டு, 3 மரத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு 30 பழம் என்றால் 90 பழம். அணில், அழுகல், வெடிப்பு என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 72. சித்திரை முதல் வைகாசி முடிய ஒன்பது வாரம் என்று கணக்கிட்டால் வாரத்துக்கு 8 பழம். ஒரு பழம் 10 கிலோ, அதில் சுளை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக 3 கிலோ என்று கொண்டால் வாரத்துக்கு 24 கிலோ சுளை. அரைக் கிலோ டப்பாவாகப் போட்டால் 48 டப்பா. ஒரு குடும்பம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டப்பா வாங்கினால், உங்களுக்குத் தேவை 96 குடும்பம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மனதில் இருக்கும் பாதி பயம் போய்விடும். லட்சம் பேர் பார்க்கும் வீடியோ உங்களுக்குத் தேவையில்லை. அப்படி ஒரு வீடியோ ஓடினாலும், கோவையிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லியே நாள் போகும், பலாச்சுளையை அங்கே அனுப்ப முடியாது. உங்களுக்குத் தேவை 20 கிலோமீட்டர் சுற்றளவில் நூறு குடும்பம். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் பாதியே உங்களுக்குப் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் எண்ணைத் தன் செல்போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச்சேரும். எனவே முதல் டப்பா விற்கும்போதே 'இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், அடுத்த வாரம் எந்த மரத்துப் பழம் என்று சொல்கிறேன்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கேட்காமல் யாரையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

நூறு குடும்பம் எங்கே இருக்கிறது?

1956இல் நிலக்கரி நிறுவனம் உருவான பிறகு எழுந்த நெய்வேலி நகரியத்தில், வட்டம் வட்டமாக மாதச் சம்பளக் குடும்பங்கள் வாழ்கின்றன. இதைவிட நல்ல சந்தை சுற்றுவட்டார விவசாயிக்குக் கிடையாது. ஆனால் அந்தச் சந்தையின் இயல்பு தெரிந்து பேச வேண்டும்.

குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் மாவும் பலாவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டுக்காரரிடம் 15 கிலோ முழுப்பழத்தை விற்க முடியாது. மரம் இல்லாத வீட்டிலும் பால் பிசினோடு போராடி அறுக்க ஆள் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது சுத்தமாகப் பிரித்த சுளை. எனவே உங்கள் படத்தில் முழுப்பழத்தைவிட டப்பாவும் எடையும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, நகரியத்தில் வட மாநிலக் குடும்பங்களும் உண்டு. பீகார், உத்தரப் பிரதேசக்காரர்கள் பலாப் பிஞ்சை 'கட்டஹல்' என்று சொல்லி, மசாலா போட்டுக் குழம்பு வைப்பார்கள். வங்காளிகளுக்கும் அது விருப்பமான கறி. நாம் பலா மூசு என்று சொல்லும் அதே பிஞ்சுதான். ஒரே காம்பில் நெருக்கமாகக் காய்த்தவற்றில் சிலவற்றைக் கழித்தால்தான் மற்றவை பெருக்கும். கழிக்கும் பிஞ்சை எருக்குழியில் போடாமல், மாசி மாதத்திலேயே இவர்களுக்கு விற்கலாம். தமிழ்ச் செய்தியோடு இந்தியில் இரண்டு வரி சேர்க்க, பள்ளியில் இந்தி படிக்கும் பிள்ளை யாராவது உதவுவார்கள்.

மூன்றாவது கூட்டம், நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு சென்னைக்கும் சொந்த ஊருக்கும் போனவர்கள். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்த ஊர்ப் பலாவும் முந்திரியும் மறக்காது. சுளையை அனுப்ப முடியாவிட்டாலும் முந்திரிப் பருப்பைக் கூரியரில் அனுப்பலாம். இவர்களை எட்ட செல்போனைத் தவிர வேறு வழியில்லை.

மூன்று பத்தி எழுதுங்கள்

ஒரு பள்ளி நோட்டை எடுத்து, 12 மாதத்துக்கு 12 பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் வாங்குபவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பண்டிகை, பள்ளித் தேர்வு, விடுமுறை, கல்யாண மாதம், சம்பள நாள் எல்லாம் இதில் வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றாம் பத்தி. நம் பகுதிக்கு அந்த நோட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

மார்கழி, தை: பலாவில் பூவும் பிஞ்சும், முந்திரியில் தளிரும் பூவும் தெரியும் காலம். பொங்கலுக்கு முந்திரிப் பருப்பு கேட்பார்கள். தைப்பூசத்துக்கு வடலூரில் பெருங்கூட்டம் கூடும். இப்போது முதல் பிஞ்சின் படத்தைப் போடுங்கள். 'இந்த மரம், இந்தப் பிஞ்சு. சித்திரையில் பழம்' என்ற ஒரு வரி போதும். இன்னும் விற்க எதுவும் இல்லாததால் வாசிப்பவருக்கும் சந்தேகம் வராது.

மாசி, பங்குனி: பிஞ்சு கழிக்கும் காலம், முந்திரி அறுவடை தொடங்கும் காலம். பலா மூசு விற்பனையை முதலில் தொடங்குங்கள். அதே மரத்தை அதே கோணத்தில் மீண்டும் படம் எடுத்துப் போடுங்கள். பங்குனிக் கடைசியில் 'மூன்று மரத்தில் இத்தனை பழம் நிற்கிறது. வாரம் 48 டப்பாதான் கிடைக்கும்' என்று கணக்கைச் சொல்லிப் பெயர் பதியத் தொடங்குங்கள்.

சித்திரை, வைகாசி: விற்பனைக் காலம். பள்ளி விடுமுறையில் பேரப் பிள்ளைகள் வரும் காலமும் இதுதான். வாரம் மூன்று பதிவு போட வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆனி, ஆடி: கடைசிப் பழங்கள் வரும். பலாக்கொட்டையைக் கழுவி உலர்த்தி விற்கலாம். பருவம் முடிந்ததை ஒளிக்காமல் 'இந்த ஆண்டுப் பழம் முடிந்தது, வாங்கிய எல்லாருக்கும் நன்றி' என்று ஒரு செய்தி போடுங்கள். இதைச் செய்பவர் மிகக் குறைவு என்பதால் செய்தவரை மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆவணி முதல் ஐப்பசி வரை: தீபாவளி வரை முந்திரிப் பருப்பின் காலம். பங்குனி, சித்திரையில் எடுத்த கொட்டையை நன்றாக உலர்த்தி, ஈரப்பதம் சுமார் 8 சதவீதத்துக்கு இறக்கி வைத்திருந்தால் இப்போது உடைத்துப் புதுப் பருப்பாக விற்கலாம். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். இனிப்புக்குச் சாமான் வாங்கும் முடிவு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எடுக்கப்படுவதில்லை. கூரியர் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கார்த்திகை: மழைக் காலம். வேலை குறைவு, பேச்சும் குறைவாக இருக்கலாம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 பலா ரகம் ஆண்டில் இரண்டு பருவம் காய்க்கக்கூடியது. உங்களிடம் அந்த மரம் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் சில பழத்தை, முன்பதிவு செய்த பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுங்கள். பருவமல்லாத காலத்துப் பழத்துக்கு மதிப்பு அதிகம்.

பதிவு எத்தனை போதும்?

தினமும் பதிவு போடாவிட்டால் மக்கள் மறந்துவிடுவார்கள் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒரு கணக்குப் போடுவோம். பலாப் பருவம் ஒன்பது வாரத்துக்கு வாரம் மூன்று என்றால் 27. தீபாவளிக்கு முந்திய ஆறு வாரத்துக்கு வாரம் இரண்டு என்றால் 12. மீதமுள்ள 37 வாரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் 18. ஆக மொத்தம் ஆண்டுக்கு 57 பதிவு. களையெடுப்பு, உழவு, பால் கறவை என்று நாள் முழுக்க வேலை இருக்கும் குடும்பத்துக்கும் இது சுமையாகாது. ஆனால் அந்த 57ல் ஒன்றுகூட நாள் தவறக் கூடாது. ஒன்பது மாதம் வாய் மூடியிருந்துவிட்டுச் சித்திரையில் திடீரென்று பழம் வாங்குங்கள் என்றால், 'இது யார் எண்?' என்றுதான் கேட்பார்கள்.

மூன்று பதிவில் ஒன்றில் மட்டும் விலை இருக்கட்டும். மற்ற இரண்டும் வாசிப்பவருக்குப் பயன்பட வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நகரியத்தில் இருப்பவருக்குத் தெரியாது. முதிர்ந்த பலாவை எப்படிக் கண்டுபிடிப்பது? முள் அகன்று தட்டையாகும், தட்டினால் மந்தமான ஓசை வரும், காம்பருகே உள்ள இலை மஞ்சளாகும். இதை அரை நிமிட வீடியோவாகக் கையால் தட்டிக் காட்டுங்கள். உலர்ந்த முந்திரிக்கொட்டையைக் குலுக்கினால் சலசலக்கும். அதையும் காட்டலாம்.

கடைகளில் முந்திரிப் பருப்புப் பெட்டியில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று போட்டிருக்கும். அது ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில் ஏறக்குறைய எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பாயசத்துக்கும் பர்பிக்கும் உடைசல் போதும், விலையும் குறைவு. இதை விளக்கி ஒரு பதிவு போட்டால், உங்களிடம் தேங்கும் உடைசலுக்கும் ஆள் கிடைக்கும்.

நகரியத்துக்கு மூன்று ஷிப்டு

எந்த நேரத்தில் பதிவு போடுவது? மாலை 7 மணிதான் நல்ல நேரம் என்பார்கள். அலுவலகம் மட்டும் உள்ள ஊருக்கு அது சரி. சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவும் பகலும் ஓடும் ஊரில், மாலையில் வேலைக்குப் போகிறவரும் உண்டு, பகலில் தூங்குகிறவரும் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்க்கும் வேளை என்று ஒன்று கிடையாது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். மூன்று ஷிப்டையும் அது தொட்டுவிடும். எனவே 'முதலில் கேட்பவருக்கே' என்று அவசரப்படுத்தாமல், முன்பதிவை ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்தவருக்கு எப்போதும் 'தீர்ந்துவிட்டது' என்ற பதில்தான் கிடைக்கும். இரவு 10 மணிக்குமேல் பிராட்காஸ்ட் அனுப்ப வேண்டாம். தூங்குகிறவரை எழுப்பினால் எண்ணையே தடுத்துவிடுவார்.

முதிர்ந்த காயை வெட்டியபின் பழுக்கச் சில நாள் ஆகும். அந்த இடைவெளிதான் உங்கள் வார அட்டவணைக்கு அடிப்படை. செவ்வாய் அன்று மரத்தைப் பார்த்து முதிர்ந்த காயை எண்ணுங்கள். புதன் காலை வெட்டும்போது படம் எடுங்கள். புதன் மாலை, இந்த வாரம் எத்தனை டப்பா, என்ன விலை என்று அறிவியுங்கள். இது விலை சொல்லும் பதிவு. வியாழன் மாலையோடு முன்பதிவை மூடுங்கள். வெள்ளியன்று பயனுள்ள செய்தி ஒன்று. சனிக்கிழமை மாலை, பழுத்த பழத்தை அறுக்கும் படம். ஞாயிறு காலை வீட்டில் சேர்த்துவிடுங்கள். கையில் எண்ணெய், தலையில் துணி, சுத்தமான பாத்திரம் ஆகியவை சனிக்கிழமைப் படத்தில் தெரிந்தால் தனியாக விளம்பரம் தேவையில்லை.

ஒரு நாள் எடுத்து, ஒரு மாதம் கொடுங்கள்

அறுவடை நாளில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்காது. வைக்கோலைப் போர் போட்டு வைத்து ஆண்டு முழுக்க மாட்டுக்குப் போடுவதுபோல், படத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், காலை வெயில் ஏறும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துப் படம், இரண்டு சிறு வீடியோ போதும். செல்போனில் மாதத்துக்கு ஒரு தொகுப்பு வைத்து அதில் போடுங்கள். முந்திரிப் பூ தையில்தான் கிடைக்கும், ஐப்பசியில் தேடினால் கிடைக்காது.

ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் சூட் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பதிவை எழுதி, நாளும் நேரமும் குறித்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் தானே வெளியாகும். யூடியூபிலும் வீடியோவை ஏற்றி, வெளியாகும் நாளைக் குறிக்கும் வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் மட்டும் அலாரம் வைத்துக்கொண்டு நீங்களே அனுப்புவது நல்லது, பதில் வரும்போது நீங்கள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலைப் பட்டியல் வைக்கலாம். 'வயலில் இருக்கிறேன், மாலை 6 மணிக்குப் பதில் சொல்கிறேன்' என்று தானாகப் போகும் பதிலையும் அமைக்கலாம்.

எல்லாத் தளத்திலும் கால் வைக்க வேண்டாம். முதல் ஆண்டு வாட்ஸ்அப் மட்டும் போதும். நூறு குடும்பம் நிலைத்தபின் இரண்டாவது தளத்துக்குப் போகலாம்.

புயல் வந்தால் நிறுத்துங்கள்

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை கண்ட பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்போது இப்படிப் பதிவைக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லை. இன்று அப்படி ஒன்று நடந்தால், மரம் விழுந்து கிடக்கும்போது நீங்கள் முன்பே குறித்து வைத்த 'எங்கள் தோட்டத்துப் பூவைப் பாருங்கள்' என்ற பதிவு தானே வெளியாகிக்கொண்டிருக்கும்.

எனவே ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரு வாரத்துக்குமேல் எதையும் முன்கூட்டிக் குறிக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால், ஆடுமாட்டைப் பத்திரப்படுத்தியபின் குறித்து வைத்த பதிவுகளை நிறுத்துங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அந்தச் செயலியைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதிப்பு வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மூன்று மரத்தில் ஒன்று போய்விட்டது, வாரம் 48 டப்பா இந்த ஆண்டு 30தான் என்று சொன்னால் வாங்குபவர் புரிந்துகொள்வார். புதிதாக நட்ட பலா காய்ப்புக்கு வரப் பல ஆண்டு ஆகும். நூறு குடும்பத்தின் பட்டியலைப் புயல் கொண்டுபோகாது. அந்த ஆண்டு முந்திரிப் பருப்பையோ, ஊடுபயிராகப் போட்ட மணிலாவையோ அதே நூறு குடும்பத்திடம் விற்று எழுந்து நிற்கலாம்.

சொல்லக் கூடாதவை

பலாவைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும், முந்திரி இதய நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் பதிவு போடாதீர்கள். நோய் தீர்க்கும் என்று உணவை விளம்பரப்படுத்துவது சட்டப்படி தவறு. நம்பிச் சாப்பிட்டவருக்குப் பாதிப்பு வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும். வேறு தோட்டத்துப் படத்தையோ, இணையத்தில் எடுத்த படத்தையோ உங்களுடையது என்று போடாதீர்கள். கல்யாண குணமுள்ள வாடிக்கையாளர்கூட ஒருமுறை ஏமாந்தால் திரும்பி வரமாட்டார்.

சுளையாகப் பிரித்தோ, சிப்ஸாகப் பொரித்தோ, பருப்பாக உறையிட்டோ விற்கத் தொடங்கும்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற வேண்டும். 14 இலக்கமுள்ள அந்த எண், எடை, விலை, உறையிட்ட நாள், முகவரி ஆகியவை உறையில் இருக்கட்டும். அந்த உறையைப் படம் எடுத்துப் போடுவதே ஒரு நல்ல பதிவு.

கணக்கு நோட்டு

ஒவ்வொரு ஆர்டரின்போதும் 'எங்கே பார்த்தீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்டேட்டஸா, பிராட்காஸ்டா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா என்று நோட்டில் குறியுங்கள். லைக் எத்தனை என்று எண்ண வேண்டாம், டப்பா எத்தனை போனது என்று எண்ணுங்கள். ஆனி மாதம் அந்த நோட்டைப் புரட்டினால், எந்தப் பதிவு பழத்தை விற்றது, எது வெறும் பார்வையோடு நின்றது என்று தெரிந்துவிடும். பயனில்லாததை அடுத்த ஆண்டு நாட்காட்டியிலிருந்து அடித்துவிடுங்கள். செலவையும் எழுதுங்கள். டப்பா, பெட்ரோல், கூலி, வீணான பழம் எல்லாம் கழித்தபின், மண்டி விலையைவிட எவ்வளவு கூடுதலாக நின்றது என்று பாருங்கள். அது திருப்தியாக இருந்தால் அடுத்த ஆண்டு மூன்று மரத்தை ஐந்தாக்கலாம். இல்லையென்றால் மூன்றோடு நிறுத்துங்கள்.

பலா, முந்திரி ரகங்கள், பின்செய் நேர்த்தி, மதிப்புக் கூட்டுதல் குறித்த சந்தேகங்களுக்கு விருத்தாசலத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும், பலாவுக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் வழிகாட்டுவார்கள். போகும்போது அந்த 12 பக்க நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். முதல் பத்தியைச் சரிபார்த்துத் தர அங்கே ஆள் உண்டு. இரண்டாம் பத்திக்கு நகரியத்தில் உங்களிடம் வாங்கும் நாலு பேரிடம் பேசுங்கள். மூன்றாம் பத்தியை நீங்கள்தான் எழுத வேண்டும்.